குண்டு பல்பு மங்கும் நேரம்

பேனாவை மூடி வைத்துவிட்டு, வாத்தியார் தலைக்கு மேல் தொங்கும் குண்டு பல்பையே பார்ப்பார். பல்பு மெல்ல மங்கும். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு மறுபடி தெளியும். திரும்பவும் மங்கும். தூங்குகிற குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்ப்பவர் போல அவர் முகம் கனிந்துவிடும். விடைத்தாள்கள் திருத்தாமல் கிடக்கும்.

பின்வீட்டு இஸ்திரிக் கடையம்மா வேலையை ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். கடை வாசல் அடுத்த தெருவைப் பார்த்தது. ஆனால் கம்பத்திலிருந்து இரண்டு வீட்டுக்கும் வருவது ஒரே பழைய, மெல்லிய கம்பி. இஸ்திரிப் பெட்டி சூடாகும்போது மின்னோட்டத்தை வாரி இழுக்கும். கம்பியின் தடையிலேயே மின்னழுத்தம் கொஞ்சம் தொலைந்துபோக, மிச்சம்தான் இவர் பல்புக்கு. சூடேறிப் பெட்டி தானாக அணைந்ததும் பல்பு தெளியும். பத்தாம் வகுப்புப் பாடம்தான். அதைப் படித்துவிட்டு இப்படி உருகிப்போன மாணவன் மட்டும் கிடையாது.

மற்றபடி மனிதர் கறார். 'கரண்ட் கம்மியா வருது' என்று யாராவது சொல்லிவிட்டால், வருகிற பஸ்ஸைக்கூட விட்டுவிட்டு நின்று திருத்துவார். "கரண்ட் இல்லங்க, வோல்டேஜ். ஓடுற தண்ணி வேற, அதைத் தள்ளுற அழுத்தம் வேற." இதற்குப் பயந்தே பால்காரர் அவரிடம் மழையைப் பற்றி மட்டும் பேசுவார்.

அப்பேர்ப்பட்டவரை ஒருநாள் அந்த அம்மா வழியில் பார்த்து, "என்ன சார், உங்க வீட்டு கரண்ட்டையும் நானே உறிஞ்சிடுறேனாமே?" என்று சிரித்தார். திருத்துவதற்கு அதில் எவ்வளவோ இருந்தது.

"ஆமாங்க" என்றார் வாத்தியார்.

இத்தனை வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவே. அந்த அம்மாவும் தனியாள். ஐம்பதைத் தொட்டும் கல்யாணம் கூடிவராத வாத்தியாருக்கு அவர்மேல் ஆசை. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

கூட இருக்கும் அக்காவுக்கு இந்த மயக்கமெல்லாம் ஆகாது. "மிக்ஸி சுத்த மாட்டேங்குது. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறே, ஒரு கம்பிய மாத்தச் சொல்லத் துப்பில்லையாடா?" என்று பொரிந்து தள்ளுவார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வாத்தியார் நழுவிக்கொண்டே இருந்தார். கம்பி மாறினால் பல்பு மங்காது. அந்த அம்மா இருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்று அவருக்குச் சொல்ல வேறு ஆளில்லை.

பொறுத்துப் பார்த்த அக்கா, தானே போய் லைன்மேனைக் கூட்டி வந்துவிட்டார். வாத்தியார் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் தடித்த புதுக் கம்பி ஏறிவிட்டது.

"எப்படி எரியுது பாரு, கண்ணு கூசுது!" என்று அக்காவுக்கு ஒரே பூரிப்பு. வாத்தியார் காத்திருந்தார். பல்பு மங்கவே இல்லை. பின்வீட்டில் வேலை நடக்கிறதா, கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டாரா, ஒன்றும் தெரியவில்லை.

எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். மேலாக இருந்த வெள்ளைச் சட்டையை உருவினார்.

"டேய், அது நான் தேய்ச்சு வச்ச சட்டைடா!"

வாத்தியார் அதை இரண்டு கையாலும் கசக்கோ கசக்கென்று கசக்கி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அடுத்த தெருவைப் பார்த்து நடந்தார்.