கல்லுமலைக்குக் கொடுக்காத முடி

1984 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டு ஞாயிறு வழக்கம்போலத்தான் தொடங்கியது. விடிந்ததும் அப்பா சைக்கிளில் புந்தோங் மார்க்கெட்டுக்குப் போனார். அக்கா வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்தாள். நான் கோழிகளுக்குத் தீனி போட்டேன். அம்மா குழாயடியில் உட்கார்ந்து வெந்நீரில் உப்புப் போட்டு வாய் கொப்பளித்தாள். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போடத் தொடங்கியதிலிருந்து அவள் வாயெல்லாம் புண். பிறகு தலையணை உறையை வெளியே கொண்டுபோய் உதறினாள். உதறுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. முடியெல்லாம் ஜூலை மாதத்திலேயே கொட்டி முடிந்திருந்தது. கை மட்டும் பழக்கத்தை விடவில்லை.

மற்ற ஞாயிறுகளிலிருந்து ஒரு வித்தியாசம், அப்பா மீன் வாங்காமல் பழமும் வெற்றிலையும் வாங்கி வந்தார். அன்று மாலை கோலா கங்சாரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்குத் தபால் ஆபீசில் வேலை. இதற்கு முன் வந்த ஒரு வரன், அம்மாவுக்கு என்ன நோய் என்று காதில் விழுந்ததும் நின்றுபோனது. அந்த நோய் தாயிடமிருந்து மகளுக்கு வரும் என்று யாரோ சொன்னார்களாம். ஆகவே இந்த முறை நோயைப் பற்றி யாரும் மூச்சுவிடக்கூடாது என்று முடிவாயிற்று. நோயை மறைத்துவிடலாம். தலையை எதைக் கொண்டு மறைப்பது என்பதுதான் தெரியவில்லை.

அதற்காகவே சுங்கை சிப்புட்டிலிருந்து முதல் பஸ்ஸில் சின்னம்மா வந்தாள். அம்மாவின் தங்கை. இருப்பதையெல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கொடுத்த வெள்ளைக் கம்பளிக் குல்லாவை அம்மா முதலில் போட்டுப் பார்த்தாள்.

"மூணு மாசப் புள்ள மாதிரி இருக்கேன்" என்று கழற்றிவிட்டாள்.

அடுத்தது பூப்போட்ட தூடோங். மலாய்ப் பெண்கள் தலையில் கட்டும் துணிதான். வெளியே போகும்போது அம்மா அதைத்தான் கட்டிக்கொண்டாள். மார்க்கெட்டில் மீன் விற்பவர் அவளை மலாய்க்காரி என்று நினைத்து 'மக்சிக்', அத்தை, என்று கூப்பிட்டு மலாயில் பேசுவார். அம்மாவும் மலாயிலேயே விலை பேசிவிட்டு வருவாள்.

"இதக் கட்டிக்கிட்டு நின்னின்னா, குடும்பமே மதம் மாறிருச்சுன்னு வாசலோட திரும்பிருவாங்க லா" என்றாள் சின்னம்மா.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்துத் தலைத்துண்டும் இருந்தது. ரப்பர் பால் பட்டுக் கறுத்துப்போன அதைச் சின்னம்மா தொடக்கூட இல்லை.

அப்போது அப்பா உள்ளே வந்தார். கல்லுடைக்கும் கம்பெனியில் லாரி ஓட்டியவர், அதிகம் பேசமாட்டார். காகிதத்தில் சுற்றி நூல் கட்டிய ஒரு பொட்டலத்தை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு நின்றார். பிரித்தால் உள்ளே சவுரி. முழங்கை நீளத்துக்கு, கறுகறுவென்று, நல்ல முடி. ஈப்போ டவுனில் வளையல் கடைகளுக்கெல்லாம் ஏறி இறங்கித் தேடியிருக்கிறார்.

அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தடவினாள்.

"இத எதுல கட்டுறது?"

அப்பாவுக்குக் கேள்வி புரியவில்லை.

"சவுரிய முடியோட சேத்துத்தான கட்டணும். நான் காதுல கட்டிக்கவா?"

சின்னம்மா சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. "கடக்காரன் ஒண்ணும் சொல்லலையே" என்றார். பிறகு சவுரியை அதே காகிதத்தில் மடித்து, அதே நூலால் கட்டி, அலமாரியின் மேல் வைத்துவிட்டு வெளியே போனார். அவர் சைக்கிளைக் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

சின்னம்மா கட்டிலில் கிடந்ததையெல்லாம் ஒதுக்கித் தள்ளினாள்.

"மறைக்கவே வேணாம். காட்டிருவோம். கல்லுமலை முருகனுக்கு வேண்டிக்கிட்டு முடி எறக்குனோம்னு சொல்லு. யாரு என்ன கேப்பா? கையெடுத்துக் கும்பிடுவாங்க."

"சாமி பேர்ல பொய்யா சொல்றது?"

"எடுத்துக்கிட்டது யாரு? அவருதான. நாம குடுத்தோம்னு சொல்லிட்டுப் போறோம்."

கதவோரம் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "சந்தனக் கட்டைய எடுத்துட்டு வா" என்றாள்.

நான்தான் அரைத்தேன், பூசியதும் நான்தான். அதுவரை அம்மாவின் தலையைத் தொட்டுப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. தொட்டபோது அது உள்ளங்கைக்குச் சூடாக, மிக மென்மையாக இருந்தது. மொட்டை போட்ட தலை நாலு நாளில் சொரசொரக்கும். இது சொரசொரக்கவில்லை. சந்தனம் காய்ந்த பிறகு பார்த்தால், முகத்தில் இன்னொரு குறை. வேண்டுதலுக்காக யாரும் புருவத்தை எடுப்பதில்லை. அம்மாவுக்குப் புருவமும் போயிருந்தது. சின்னம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு கண்மையால் இரண்டு புருவம் வரைந்தாள். ஒன்று சற்று உயரமாக அமைந்துவிட்டது.

மாலையில் மாப்பிள்ளையும் அவருடைய அப்பாவும் அம்மாவும் காரில் வந்து இறங்கினார்கள். தகரக்கூரை கொதித்தது. அக்கா தேநீர் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். மாப்பிள்ளையின் அம்மா பருத்த, நிதானமான மனுஷி. அம்மாவின் தலையைப் பார்த்துக் கைகுவித்தார்.

"எந்தக் கோயில்ல முடி எறக்குனீங்க?"

"கல்லுமலையில."

"எதுக்கு வேண்டிக்கிட்டீங்க?"

அந்தக் கேள்விக்குச் சின்னம்மா பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "மக கல்யாணத்தக் கண்ணால பாக்கணும்னு" என்றாள்.

அம்மாவின் நெற்றியிலிருந்து இறங்கிய வேர்வை இடது புருவத்தைக் கரைத்துக் கறுப்பாகக் கண்ணை நோக்கி வந்தது. சின்னம்மா அதைப் பார்த்துவிட்டு அப்படியே உறைந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னா வெக்க" என்று சொல்லிக்கொண்டே தன் சேலைத் தலைப்பால் அந்தக் கறுப்பை ஒற்றி எடுத்தார். வரைந்த கோட்டின் மேல் கை படவில்லை. மை பட்ட முனையை உள்பக்கமாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். எவ்வளவு சுத்தமான மனுஷி என்று நான் நினைத்தேன்.

அப்பா, கல்யாணத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தார்.

"தை எதுக்குங்க? இந்த ஆவணிக்குள்ளயே முடிச்சிருவோம்" என்றார் அந்த அம்மா.

அவருடைய வீட்டுக்காரர் திடுக்கிட்டார். "என்னா நீ, பத்திரிக்க அடிக்கணும், ஆளுங்களக் கூப்புடணும்."

"கூப்புட்டுக்கலாம். நீங்க சும்மா இருங்க."

கிளம்பும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு வாரந்தான் அக்கா. அதுவரைக்கும் தெம்பா இருங்க" என்றார்.

கார் போனதும் வீட்டில் சந்தோஷம் நிறைந்துவிட்டது. அக்கா அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்குப் புதுப்பாவாடை கிடைக்கும் என்று நான் குதித்தேன். அம்மா குழாயடிக்குப் போய்க் குனிந்து சந்தனத்தைக் கழுவினாள். சின்னம்மா தண்ணீர் ஊற்றினாள்.

"பாத்தியா, சந்தனம் வேல செஞ்சிருச்சு."

"அவுங்களுக்குத் தெரிஞ்சிருச்சு" என்றாள் அம்மா.

"தெரிஞ்சிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பாங்க லா. நாள் குறிப்பாங்களா?"

"அதான் குறிச்சாங்க."

சின்னம்மா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டாள். துண்டை நீட்டிக்கொண்டு நின்ற எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருடத்துக்கு அங்கே கல்யாணம் கிடையாது என்பது பத்து வயதில் எனக்குத் தெரியாது. ஊசி முடிந்தால் சரியாகிவிடும், முடி முன்னைவிட அடர்த்தியாக முளைக்கும் என்று டாக்டர், அப்பா, சின்னம்மா, நான் எல்லாருமே அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு முதன்முதலாகப் பார்த்த ஒருத்திதான் அவளிடம் பொய் சொல்லவில்லை. மகளின் கல்யாணத்தை அம்மா பார்த்தாள். அந்த வருடத் தீபாவளியைப் பார்க்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, எனக்குப் பள்ளிக்கூடம். அடுப்புக்கூடப் பற்றவைக்காமல், முதல் வேலையாக அம்மா என்னைக் கண்ணாடிக்கு முன்னால் உட்காரவைத்தாள். என் பின்னலை அவிழ்த்துச் சிக்கெடுத்து, மூன்றாகப் பிரித்து, பிரித்ததை என் கையிலேயே கொடுத்தாள்.

"இனிமே நீயே பின்னிக்க. கோணலா வந்தா பரவால்ல."

கோணலாகத்தான் வந்தது. நான் பெரிய பிள்ளையாகிவிட்டேன் என்ற பெருமையில் அப்படியே பள்ளிக்கூடம் போனேன்.