சித்தி தேடிய இலங்கைக் கமரா

வெள்ளவத்தையில் எல்லோருக்கும் ஏதோ ஒரு பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. ஒருவருக்குக் கனடா, ஒருவருக்கு வானொலிச் செய்தி, அம்மாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வரப்போகும் கடிதம். சித்திக்குக் கமரா. கந்தோரில் வாரம் முழுவதும் தட்டச்சு அடித்துவிட்டு, சனிக்கிழமையானால் என்னையும் இழுத்துக்கொண்டு மட்டக்குளி, ஹெந்தளை என்று பழைய சாமான் கடைகளுக்குள் நுழைவார். கையில் பிள்ளையிருந்தால் சோதனைச் சாவடியில் அதிகம் கேட்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. கமராவைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்கத்தான் கூட்டிப்போகிறார் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஜெர்மன் கமரா, ஜப்பான் கமரா எதையும் சித்தி தொட்டும் பார்க்கமாட்டார். வெளிநாட்டுச் சாமான் உள்ளே வராதிருந்த எழுபதுகளில், கொட்டாஞ்சேனைப் பட்டறையொன்றில் தேக்கம் பலகையும் தகரமும் வைத்துச் செய்த பெட்டிக் கமரா ஒன்றுதான் அவருக்கு வேண்டும். செய்ததே கொஞ்சம். மிஞ்சியது அதிலும் கொஞ்சம்.

"மாப்பிள்ளை தேடுற வயசில இவள் மரப்பெட்டி தேடுறாள்" என்பார் அம்மா.

"ரெண்டும் ஒண்டுதானே அக்கா. மூலையில இருந்துகொண்டு முழிச்சுப் பாத்துக்கொண்டிருக்கும்."

கடைசியில் பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் வழி சொல்ல, கொட்டாஞ்சேனைக் கோயில் ஒழுங்கையில் ஒரு தையல்கார அம்மாவின் வீட்டில் அது அகப்பட்டது. அலுமாரிக்கு மேலிருந்து பழைய சீலைத் துணியில் சுற்றியபடி இறக்கினார். அடியில் ஒரு சின்னத் தகடு. சிங்களத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி: இலங்கையில் செய்தது. சித்தி அந்தத் தகட்டை விரலால் தடவிய விதத்தை இன்னும் மறக்கவில்லை. காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோலத் தொட்டார்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அந்த அம்மாவின் வீடு எரிந்தபோது, கமரா பக்கத்து வீட்டுக்கு இரவல் போயிருந்ததாம். அல்பம் வீட்டிலேயே இருந்ததாம். அவருடைய கணவர் அன்று காலை வேலைக்கு வெளிக்கிட்டவர், திரும்பவில்லையாம். மகன் அப்போது வயிற்றில். அவன் இப்போது தையல் மெஷினுக்குக் கீழே இருந்து வெட்டுத் துணி பொறுக்கிக்கொண்டு என்னை முறைத்துப் பார்த்தான். நானும் முறைத்தேன்.

"உள்ளுக்கப் பிலிம் கிடக்கு. அவர் இருக்கேக்க போட்டது. நான் கழுவக் குடுக்கேல்ல" என்றார் அந்த அம்மா.

"ஏன்?"

"ஒண்டும் விழேல்லையெண்டு சொல்லிட்டா? அந்தப் பயம். இப்ப இவன் அப்பா எப்பிடியிருப்பாரெண்டு கேக்கத் தொடங்கிட்டான். கமரா உங்களுக்குத்தான் தங்கச்சி. அவர் அதுக்குள்ள இருந்தா, எனக்கு ஒரு படம் தாங்கோ."

வரும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு ஆமிக்காரப் பெடியன் சீலைத் துணியை அவிழ்த்தான். கறுத்த மரப்பெட்டியைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனான். துவக்கோடு இன்னும் இருவர் வந்தார்கள். திறந்து காட்டச் சொன்னார்கள்.

"கமரா, அய்யே. திறந்தால் வெளிச்சம் பட்டு உள்ளே இருக்கிற படமெல்லாம் அழிந்துவிடும்" என்று சித்தி சிங்களத்தில் சொன்னார். குரல் கெஞ்சியது, பெட்டியைப் பிடித்த கை கெஞ்சவில்லை. பலகையில் யார் கமரா செய்வார்கள் என்று அவர்கள் சிரித்தார்கள். சித்தி பெட்டியைக் கவிழ்த்துத் தகட்டைக் காட்டினார். பெடியன் சிங்கள வரியை எழுத்துக்கூட்டி வாசித்தான். "லங்காவே?" என்றான், தன் வீட்டுக் கோடியில் புதையல் கண்டவன்போல.

கிடைத்த அந்தச் சின்னச் சந்தர்ப்பத்தைச் சித்தி பிடித்துக்கொண்டார். கடைசிப் படத்துக்கு இடம் இருக்கிறது, நில்லுங்கள், எடுத்தே காட்டுகிறேன் என்றார். மூவரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வரிசையாக நின்றார்கள்.

எனக்குப் பகீரென்றது. மூன்று பேராக நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆயுள் குறையும் என்று எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும்! ஓடிப்போய் நாலாவது ஆளாக நின்றேன். சித்தியின் முகம் வெளிறியது. ஆமிக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பெட்டி 'டொக்' என்றது. பிறகு அந்தப் பெடியனே துணியைத் திரும்பவும் சுற்றிக் கொடுத்தான்.

கழுவி வந்த பிலிமில் பெரும்பாலும் இருட்டுத்தான். இரண்டு தப்பியிருந்தன. ஒன்றில் ஆமிக்காரர் மூவருக்கும் மங்கலான முகம், எனக்குத் திறந்த வாய். மற்றதில் ஒரு மனிதர் கிணற்றடியில் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகம் நுரை, கண்ணில் சிரிப்பு. இவ்வளவு பாடுபட்டது இதற்கா என்றிருந்தது எனக்கு. சித்தியோ அதைப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை சாவடியில் வேறு ஆட்கள் நின்றார்கள். பழையவர்களை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். அவர்களுக்குக் கொடுக்கக் கொண்டுவந்த படத்தைச் சித்தி கைப்பைக்குள் திரும்ப வைத்தார். எங்கள் ஊருக்கல்லவா போயிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

தையல்கார அம்மா சவரப் படத்தை வாங்கி வெளிச்சத்துக்குப் போனார். மகன் எட்டிப் பார்த்தான்.

"அம்மா, அப்பாக்கு வெள்ளைத் தாடியா?"

"இல்லையடா குஞ்சு. சவுக்கார நுரை." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கதிரையில் உட்கார்ந்தார். சித்தியும் சேர்ந்து சிரித்தார்.

தேத்தண்ணி குடித்துவிட்டு வெளியே வந்தால், அந்த மகன் பைப்படியில் நின்றான். கன்னமெல்லாம் சவுக்காரம் குழைத்துப் பூசியிருந்தான். கையில் உடைந்த கண்ணாடித் துண்டு. முகத்தை இப்படித் திருப்புவான், அப்படித் திருப்புவான், மறுபடி கண்ணாடியைப் பார்ப்பான். சவுக்காரத்தை வீணாக்குவதற்கு இப்போது அடி விழப்போகிறது என்று நான் காத்திருந்தேன். அவன் தாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார். அடி விழவில்லை.

நல்ல விளையாட்டுத்தான் என்று எனக்குத் தோன்றியது. நானும் போய் என் கன்னத்தில் நுரை பூசிக்கொண்டேன்.