கூப்பிட்டால் கேட்கிற தெரு

கலைமணி கல்யாணமாகிப் போன வீடு திருச்செங்கோட்டுக்குத் தெற்கே ஒரு தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. தார் ரோட்டை விட்டு இறங்கி வண்டித்தடத்தில் நெடுந்தூரம் போக வேண்டும். சுற்றிலும் குச்சிக்கிழங்கு என்று சொல்கிற மரவள்ளிக் காடு. பக்கத்துத் தோட்டத்தில் விளக்குப் போட்டால் இங்கிருந்து தெரியும். ஆனால் ஆள் கத்தினால் கேட்காது.

அவள் புருஷன் நந்தகுமார் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். ஆந்திராப் பக்கம், அதற்கும் வடக்கே என்று மாதக்கணக்கில் சுற்றிவிட்டு ஊர் திரும்புவான். கம்ப்ரஸர் சத்தத்திலேயே கிடந்து காது மந்தமாகி, வீட்டிலும் உரக்கத்தான் பேசுவான். வந்த முதல் இரண்டு நாள் பிள்ளைகளுக்கு மிக்சரும் துணியும் வாங்கிக் கொடுப்பான். அப்புறம் குடிப்பான், குடித்துவிட்டு அடிப்பான். சோறு குழைந்தது, செல்போனை எடுக்க நேரமானது, எதிரே நின்று பார்த்தது, பார்க்காமல் போனது என்று எல்லாமே அதற்குக் காரணம்தான். அடி விழ ஆரம்பித்ததும் மாமியார் பொன்னாத்தாள் உள் அறையில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வாள். மறுநாள் அவளே மஞ்சளைக் குழைத்து எடுத்து வருவாள்.

மூத்தவள் தனப்பிரியா ஏழாம் வகுப்புக்குப் போன வருடம், பிள்ளைகளை டவுனில் நல்ல பள்ளிக்கூடமாகப் பார்த்துச் சேர்க்கலாமா என்று கலைமணி கேட்டாள். நந்தகுமார் அப்போது வாசலில் உட்கார்ந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"டவுனுல எவன் இருக்கறான் உனக்கு?" என்றான்.

அவள் பதில் சொல்வதற்குள் கையிலிருந்த பைப் ரெஞ்சைச் சுழற்றி அவள் கணுக்காலில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. விழுந்தவளை மறுபடியும் அடித்தான். தொண்டை கட்டிப்போகும் வரை கத்தினாள். கிழங்குக் காட்டுக்குள்ளிருந்து ஒருவரும் வரவில்லை. தனப்பிரியா ரோடு வரைக்கும் ஓடி, டெம்போ ஒன்றை நிறுத்திக் கூட்டி வந்தபோது நந்தகுமார் கை கழுவிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லும்படி புருஷனும் மாமியாரும் சொன்னார்கள். கலைமணியும் அப்படியே சொன்னாள். கால் கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அதற்கப்புறம் அவளால் ஸ்கூட்டர் ஓட்ட முடியவில்லை. பஸ் படி ஏறுவதற்கும் யாராவது கை கொடுக்க வேண்டும்.

தனப்பிரியா மட்டும் நடந்ததை நடந்தபடி டீச்சரிடம் சொல்லிவிட்டாள். அது எப்படியோ அப்பன் காதுக்கு வந்தது. அன்று சாயங்காலம் பள்ளி வேன் வந்து நின்றதும் அவளைத் தலைமுடியைப் பிடித்துக் கீழே இழுத்தான். சன்னல் நிறையப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஜெயபிரகாஷ் இறங்கி வந்து, "புள்ளையை உடுங்கண்ணா, என்னங்கண்ணா இது" என்றான். நந்தகுமார் மகளை விட்டான். விட்ட கையால் டிரைவரின் பிடரியைப் பிடித்து அவன் முகத்தை வேனின் முன்கண்ணாடியில் மோதினான். கண்ணாடி விரிசல் விட்டது. ஜெயபிரகாஷ் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான். பற்கள் மண்ணில் விழுந்தன. உள்ளே பிள்ளைகள் அலறினார்கள்.

மறுநாளிலிருந்து அந்த வண்டித்தடத்துக்கு எந்தப் பள்ளி வேனும் வரவில்லை. பிள்ளைகள் வீட்டிலேயே கிடந்தார்கள். நாமகிரிப்பேட்டையில் இருந்த தன் அண்ணன் தமிழரசுக்குக் கலைமணி போன் போட்டாள்.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போ அம்மணி. ரெண்டு பொட்டப்புள்ளைய வெச்சுக்கிட்டு எங்க போவ?" என்றான் அண்ணன்.

எங்கே போவது என்பதை மட்டும்தான் அதற்குப் பிறகு அவள் யோசித்தாள். நந்தகுமார் ரிக் ஏறிப் போன மறுநாள் தனப்பிரியாவையும் சின்னவள் யாழினியையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினாள். பொன்னாத்தாள் தடத்தில் வந்து மறித்தாள். "நவுருங்கத்தே. இல்லீன்னா உங்களத் தள்ளிப்போட்டுப் போவேன்" என்றாள் கலைமணி. மாமியார் நகர்ந்துகொண்டாள்.

சேலத்தில் துணிக்கடையில் வேலை பார்த்த பள்ளித் தோழி தேவிப்ரியா இடம் கொடுத்தாள். வீடு தேட ஒரு புரோக்கரையும் பிடித்துக் கொடுத்தாள். புரோக்கர் முதலில் பைபாஸ் தாண்டி ஒரு புது லேஅவுட்டைக் காட்டினார். அகலமான தெரு, பெரிய வீடுகள், ஒவ்வொரு கேட்டிலும் கேமரா. கலைமணி தெரு நடுவே நின்றாள். ஒன்றும் சொல்லாமல், "தனா" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். பக்கத்திலேயே நின்ற தனப்பிரியா திடுக்கிட்டாள். ஒரு நாய் குரைத்தது. ஒரு சன்னல் திரை விலகி மறுபடியும் மூடிக்கொண்டது.

"எதுக்கும்மா கத்துறீங்க?" என்றார் புரோக்கர்.

"இது வேண்டாங்க. வேற காட்டுங்க."

அம்மாபேட்டையில் தறிக்கூடங்களுக்கு நடுவே ஒரு வீடு பார்த்தார்கள். வாடகை கட்டுப்படியானது, ஆட்களும் நெருக்கமாகத்தான் இருந்தார்கள். அங்கேயும் கத்திப் பார்த்தாள். விசைத்தறிச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அதையும் விட்டார்கள். கடைசியில் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் ஒரு குறுகிய தெருவுக்கு வந்தார்கள். பள்ளி மதில் தெருக்கோடியிலேயே தெரிந்தது. அந்தப் பள்ளியில் பாடம் நன்றாக நடக்கும் என்று தேவிப்ரியா ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். பால் பூத், மாவுக் கடை, மெஸ், சென்னம்மாள் என்பவளின் இஸ்திரி வண்டி எல்லாம் அடுத்தடுத்து இருந்தன. பாவாடை தைக்கிற கம்பெனி பக்கத்துத் தெருவில். கோணல் காலால் நடக்கிற தூரம்தான். இங்கே அவள் கத்தி முடிப்பதற்குள் எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். மெஸ்காரர் கரண்டியோடு வெளியே வந்தார். சென்னம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "யாரத் தேடுறம்மா? புள்ள காணோமா?" என்று கேட்டாள்.

அந்த வாரமே அர்த்தநாரி என்பவரின் கீழ்ப்போர்ஷனில் குடியேறினார்கள். பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு கும்பலாக நடந்து பள்ளிக்கூடம் போனார்கள். கலைமணி தையல் கம்பெனியில் சேர்ந்தாள்.

ஆடி முடிகிற சமயம் நந்தகுமார் எப்படியோ இடம் தெரிந்துகொண்டு வந்தான். காலையில் பள்ளி தொடங்குகிற நேரம். பிள்ளைகளை வாசல் வரை விட்டு வர அவர்களோடு நடந்துகொண்டிருந்தாள் கலைமணி. தெருவை மறித்து ஒரு பைக் நின்றது. இறங்கியவன் யாழினியின் கையைப் பிடித்தான். இன்னொரு கையில் கொடுவாள் இருந்தது.

"ஏறுடி வண்டியில. மூணு பேரும் ஏறுங்க" என்றான்.

கலைமணி சின்னவளைப் பறித்துத் தன் பின்னால் தள்ளினாள். அவன் கொடுவாளை ஓங்கினான். தடுக்க நீட்டிய இடதுகையில் வெட்டு விழுந்தது. சுண்டுவிரலும் அடுத்ததும் தோலில் தொங்கின. வலி வருவதற்கு முன் ரத்தம் வந்து யாழினியின் வெள்ளைச் சட்டையில் அடித்தது. கலைமணி கத்தினாள்.

தெரு வெளியே வந்தது. வந்து நின்றது. "என்ற பொண்டாட்டி. எவனாச்சும் கிட்ட வந்தா வெட்டிப்போடுவேன்" என்று நந்தகுமார் கொடுவாளைச் சுற்றிக் காட்டியதும், கரண்டியோடு வந்த மெஸ்காரரும் மாவுக் கடைக்காரரும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். கலைமணி அவர்கள் முகங்களைப் பார்த்தாள். இவர்களை நம்பித்தானே வந்தோம் என்று நினைத்தாள். அவன் தனப்பிரியாவின் சடையைப் பிடித்தான்.

இஸ்திரி வண்டி கை எட்டும் தூரத்தில் நின்றது. கங்கு நிறைந்த பெட்டியைக் கலைமணி வலதுகையால் தூக்கினாள். அது அவ்வளவு கனமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. முழு உடம்பையும் சுழற்றி அவன் கன்னத்தில் வீசினாள். எலும்பில் இரும்பு மோதியது. மூடி திறந்து கங்கு அவன் கழுத்திலும் சட்டைக்குள்ளும் கொட்டியது. அவன் ஊளையிட்டபடி கொடுவாளைப் போட்டான். சென்னம்மாள் அதைக் காலால் சாக்கடைக்குள் தள்ளினாள்.

அதற்குப் பிறகுதான் தெரு அவன்மேல் விழுந்தது. கட்டை, செருப்பு, கரண்டி என்று கையில் கிடைத்ததை வைத்து அடித்தார்கள். சற்று முன் பயந்து நின்றவர்கள்தான் அதிகம் அடித்தார்கள். ஒருவன் அவன் முழங்காலில் கல்லைப் போட்டான். கலைமணி சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தத் தோன்றவில்லை. ஒவ்வோர் அடியும் தன் தாகத்துக்கு இறங்குகிற தண்ணீர் போலிருந்தது. அப்போதுதான் தனப்பிரியா தெரிந்தாள். பள்ளிக் கேட்டருகே, கண்ணை மூடாமல், வாய் திறந்தபடி நின்றாள்.

"போதும் உடுங்க. புள்ளைக பாக்குதுங்க" என்றாள் கலைமணி. யாருக்கும் கேட்கவில்லை. குறுக்கே போய் விழுந்தபோதுதான் நின்றார்கள். அவள் முதுகிலும் இரண்டு அடி விழுந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு விரலைத் தைத்தார்கள். சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். நந்தகுமார் அதே ஆஸ்பத்திரியின் இன்னொரு வார்டில் போலீஸ் காவலில் கிடந்தான். அண்ணன் தமிழரசு பார்க்க வந்தான். "உன்னை அனுசரிச்சுப் போகச் சொன்னது நாந்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதான். அவனுக்கு ஆறுதல் சொல்லக் கலைமணிக்குத் தெம்பில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அர்த்தநாரி காலி பண்ணச் சொன்னார். "தப்பா நெனைக்காதம்மா. நாலு குடும்பம் இருக்கிற இடம்" என்றார். அவர் கொடுத்த கெடுவுக்குள் கலைமணி அதே தெருவில் வேறு வீடு பார்த்தாள். இரண்டு பேர் இல்லை என்றார்கள். மாவுக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையைச் சென்னம்மாள் பேசிப் பிடித்துக் கொடுத்தாள். சாமான்களை வண்டி வைக்காமல் கையிலேயே தூக்கிப் போனார்கள்.

தனப்பிரியா மட்டும் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள். அந்த இடத்தைத் தாண்டும்போது கால் வரமாட்டேன் என்கிறது என்றாள். கலைமணி அடிக்கவில்லை, அதட்டவுமில்லை. தினமும் கொஞ்ச தூரம் அவளோடு நடந்து போய்த் திரும்பி வந்தாள். ஒருநாள் மகள் திரும்பாமல் நேராக உள்ளே போய்விட்டாள்.

பிள்ளைகளைக் கேட்டு அவன் தரப்பில் வழக்குப் போட்டார்கள். தோட்டம், கிணறு, சொந்த வீடு எல்லாம் இருக்க, மூன்று பேர் ஓர் அறையில் அடைந்து கிடக்கிறார்கள் என்று அவன் வக்கீல் சொன்னார். நீதிபதி கலைமணியைப் பார்த்தார்.

"எடம் நெறையா இருக்குதுங்க. கத்துனா வாரதுக்கு ஆளில்லீங்க" என்றாள் அவள்.

நீதிபதி பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டும் பேசினார். பிள்ளைகள் தாயிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பானது. வெட்டு வழக்கு இன்னும் நடக்கிறது. நந்தகுமார் ஜாமீனில் வெளியே இருக்கிறான். முழங்கால் மடங்காததால் ரிக்கில் அவனைச் சேர்ப்பதில்லை என்று கேள்வி. போன மாதம் அவனைப் பழைய பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாகத் தேவிப்ரியா சொன்னாள். கலைமணி அன்றே பால் பூத், மெஸ், பள்ளி வாட்ச்மேன் என்று ஒவ்வொருவரிடமும் போய், ஆள் எப்படி இருப்பான் என்று சொல்லிவிட்டு வந்தாள். பிறகு பள்ளி விடுகிற நேரமாகிவிட்டது என்று கேட்டைப் பார்த்து நடந்தாள்.