மையில தெரிஞ்சது என் மூக்குதான்

ரெண்டு மூணு வருஷம் இருக்கும். லுணுகலைப் பக்கம் எங்க தேயிலைத் தோட்டத்துல, மாரியம்மன் திருவிழா நெருங்குற சமயம், ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நடந்த விஷயம் இது. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் செஞ்சது தப்பான்னு.

முதல்ல என்னைப் பத்திச் சொல்லிடுறேன். பதுளை டவுன்ல ஒரு துணிக்கடையில நிக்கிறேன். தெனமும் தோட்டத்து லயத்து வீட்டுலேர்ந்து பஸ்சுல போய் வர்றவ. பஸ்சுல எனக்குத் துணை துப்பறியும் கதைதான். ஒரே துப்பறிவாளர் வர்ற பழைய இங்கிலீஷ் கதை வரிசை ஒண்ணு. பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப அதையெல்லாம் தமிழ்ல சுருக்கிப் போட்ட சின்னப் புத்தகமா வாசிச்சுத் தள்ளினேன். மனுஷன் வருவாரு, சுத்தி ஒரு பார்வை பாப்பாரு, 'இவன்தான் திருடன்'னு கையை நீட்டுவாரு. கதை முடிஞ்சிரும். நமக்குக் கை தட்டணும் போல இருக்கும்.

வேலைக்குப் போன பிறகுதான் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல பழைய புத்தகம் விக்கிறவர்கிட்ட மூலப் புத்தகங்கள் கெடச்சுது. ஒவ்வொண்ணும் செங்கல்லு மாதிரி. போன்ல அகராதியைத் தொறந்து வச்சுக்கிட்டு மல்லுக்கட்டிப் படிச்சேன். படிக்கப் படிக்க ஆத்திரமா வந்துச்சு. சுருக்கினவங்க எதை வெட்டியிருக்காங்க தெரியுமா? கேள்விகளை! மூலத்துல அந்த மனுஷன் பக்கம் பக்கமா கேள்விதான் கேக்குறாரு. சாட்சி சொல்றவங்க வாயில தானா ஒரு வார்த்தையைப் போடவே மாட்டாரு. சில எடத்துல, 'எனக்கு இன்னும் தெரியல'ன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுறாரு. அதையெல்லாம் தூக்கிட்டு, நீட்டுன கையை மட்டும் நமக்குக் குடுத்திருக்காங்க. இத்தனை நாளா நம்மளை ஏமாத்திட்டாங்களேன்னு இருந்துச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். திருவிழாவுக்கு அம்மனுக்குச் சாத்துற தங்கப் பொட்டைக் காணல. நகைப் பெட்டியைத் தொறந்து பாத்தா மத்ததெல்லாம் இருக்கு, பொட்டு மட்டும் இல்ல. ஊர்ச் சந்தேகம் நேரா கோயில் கூட்டுற அக்கா மேல போய் உக்காந்துக்கிச்சு. லயத்துல எங்க வீட்டுக்கு அடுத்த காம்பரா அவங்க. புருஷன் இல்லாதவங்க. மகளுக்குத் தெமோதரையில மாப்பிள்ளை பேசி முடிச்சிருந்தாங்க. யாரும் மூஞ்சிக்கு நேரா ஒண்ணும் சொல்லல. ஆனா பீலிக்கரைக்குத் தண்ணி எடுக்க அவங்க போனா மத்தவங்க பேச்சு நின்னுரும். தெமோதரைக்காரங்களும், 'இந்தப் பிரச்சினை முடியட்டும், பிறகு பாக்கலாம்'னு சொல்லி அனுப்பிட்டாங்க.

பொலிசுக்குப் போனா தோட்டத்துக்கு அவமானமாம். அதனால கோயில் கமிட்டி கொஸ்லந்த பக்கத்துலேர்ந்து ஒரு மைக்காரரைக் கூட்டிட்டு வந்துச்சு. வெத்தலையில மை தடவிப் பாத்தா, அதுல திருடன் முகம் தெரியும்னு நம்பிக்கை. ஆனா அதை யாரு வேணா பாக்க முடியாது. தலைக்குப் பதிலா கால் முதல்ல வெளிய வந்து, காலால பொறந்தவங்க கண்ணுக்குத்தான் தெரியுமாம். எங்க தோட்டத்துல காலால பொறந்தவ நான் ஒருத்திதான். யாருக்காவது இடுப்புப் பிடிச்சாலே என்னைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்லுவாங்க. அன்னைக்கு மை பாக்கச் சொல்லிக் கூப்பிட்டாங்க.

மாட்டேன்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். நான் போகலன்னா வேற தோட்டத்துலேர்ந்து யாரையாவது கூட்டிட்டு வந்து உக்கார வச்சு, அவங்களுக்கு வேணுங்கிற பேரைச் சொல்ல வைப்பாங்கன்னு தோணுச்சு. போனேன்.

கோயில் வாசல்ல சனம் நெறைஞ்சு கெடந்துச்சு. கற்பூரம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் வெட்டி வச்சு, பளபளன்னு மை பூசின வெத்தலையை என் கையில குடுத்தாரு மைக்காரர்.

"உத்துப் பாரு தாயி. ஒரு பொம்பள தெரியுதா?"

"இல்லீங்க."

"நல்லாப் பாரு. கையில வெளக்கமாறு வச்சுக்கிட்டு நிப்பா."

அவ்வளவுதான், அத்தனை தலையும் ஒரே நேரத்துல அக்கா பக்கம் திரும்புச்சு. அவங்க மகளோட கையைப் புடிச்சுக்கிட்டு ஓரமா நின்னாங்க. மூஞ்சியில ரத்தமே இல்ல.

ஒரு உண்மையைச் சொல்லணும். அவர் வெளக்கமாறுன்னு சொன்ன பிறகு, அந்தக் கறுப்புக்குள்ள எனக்கும் குச்சி குச்சியா என்னமோ தெரியுற மாதிரியே இருந்துச்சு. அவர் சொல்றதுக்கு முன்னாடி அது அங்க இல்லையே! கண்ணை மூடித் தொறந்து, மறுபடி பாத்தேன்.

"எனக்குத் தெரியுறது என் மூக்குதாங்க. மூக்குத்தியும் தெரியுது"ன்னேன்.

பின்னால யாரோ களுக்குனு சிரிச்சுட்டாங்க. மைக்காரருக்கு மூஞ்சி சிவந்துருச்சு. புள்ள மறைக்குதுன்னாரு. கமிட்டித் தலைவர் எந்திரிச்சு, "சாமி விஷயத்துல வெளையாடாத புள்ள, கண்ணைக் குத்திரும்"னு சத்தம் போட்டாரு. எங்கம்மா என் முந்தானையைப் புடிச்சு இழுத்தாங்க. எனக்கு எங்கேர்ந்துதான் அவ்வளவு துணிச்சல் வந்துச்சோ!

"மை பாத்தது நானுங்க. என் கண்ணுக்குத் தெரியாத வெளக்கமாறு அய்யாவுக்கு எப்படித் தெரிஞ்சுது? வெளியூர்லேர்ந்து வந்தவருக்கு இங்க யாரு கோயில் கூட்டுறாங்கன்னு யாரு சொல்லிக் குடுத்தது?"

தலைவர் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு. மைக்காரருக்குக் காலையில தேத்தண்ணி குடுத்ததே அவர் வீட்டுலதான்.

நான் விடல. பொட்டைக் கடைசியாக் கண்ணால பாத்தது யாருன்னு கேட்டேன். போன திருவிழாவுலன்னாரு பூசாரி. தைப்பொங்கலுக்கு நானே பாத்தேன்னாரு தலைவர். கோயிலுக்குப் பெயின்ட் அடிக்கிறப்ப பெட்டி ஸ்டோர் வீட்டுல இருந்துச்சேன்னு ஒரு அண்ணன் சொன்னாரு. பெட்டிச் சாவி எங்க வீட்டுலயும் கொஞ்ச நாள் கெடந்துச்சுன்னு இன்னொருத்தர். அந்தச் சாவி ஏறி எறங்காத வீடே இல்ல போலிருக்கு! அந்த அக்கா கைக்கு மட்டும்தான் அது ஒரு நாளும் போகல.

"அப்ப யாருன்னு நீயே சொல்லேன், பெரிய துப்பறியுறவ!" அப்படின்னு கூட்டத்துலேர்ந்து ஒரு குரல்.

"எனக்குத் தெரியாது. தெரியாதப்ப ஒருத்தங்க தலையில பழியைப் போட மாட்டேன். உங்களுக்கும் தெரியாது, அதை ஒத்துக்கங்க."

வெத்தலையைக் கீழே வச்சுட்டு எந்திரிச்சு நடந்தேன்.

அம்மா ரெண்டு நாள் என்கூடப் பேசல. இடுப்புப் பிடிச்சா இப்ப யாரும் என்னைக் கூப்பிடுறதில்ல, மருந்துக்கடைக்குப் போறாங்க. நல்லதுதானே! பொட்டு இன்னைக்கு வரைக்கும் கெடைக்கல. நான் வேணும்னே மறைச்சேன்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க, சொல்லிட்டுப் போகட்டும். ஆனா அன்னைக்கு யாரு பேரும் வெளிய வரல. தெமோதரைக்காரங்க திரும்பி வந்தாங்க, கல்யாணமும் நடந்துச்சு.

மகளை அனுப்பி வச்ச அன்னைக்கு சாயங்காலம் அந்த அக்கா எங்க காம்பராவுக்கு வந்தாங்க. நன்றி சொல்லப் போறாங்கன்னு நெனைச்சேன். அவங்க என் கையைப் புடிச்சுக்கிட்டு, மெதுவாக் கேட்டாங்க: "நெசமாவே அதுல என் முகம் தெரியலையா புள்ள?"

எதையும் எடுக்காதவங்க, மையில தன் முகம் வந்துருமோன்னு பயந்து அங்க நின்னிருக்காங்க. ஊரே சேர்ந்து பாக்குற பார்வையில, தான் திருடலங்கிறதே ஒருத்தங்களுக்குச் சந்தேகமாப் போயிருமா? அன்னைக்கு முடிவு பண்ணினேன்: இனி எவ்வளவு பெரிய கூட்டம் சுத்தி நின்னு எதைச் சொல்லச் சொன்னாலும், என் கண்ணு பாக்காததை என் வாய் சொல்லாது.