இரண்டு தடவை ஓடிய முதல் பாதி

காலத்தில் முன்னும் பின்னும் தாவுகிற படம் எங்கே ஓடினாலும் நான் பார்த்தாக வேண்டும். அதுவும் கடைசியில் ஒரு திருப்பம் வைத்து மொத்தக் கதையையும் கவிழ்த்துப் போடுகிற படமென்றால் கேட்கவே வேண்டாம். உங்களுக்குப் பாதி புரியாதே என்று மகள் கிண்டல் செய்வாள். புரியாவிட்டால் என்ன, இன்னொரு தடவை பார்த்தால் போகிறது. முதல் தடவை ஏமாறுவதற்கு, இரண்டாம் தடவை எங்கே ஏமாந்தோம் என்று கண்டுபிடிப்பதற்கு. இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது தொண்ணூறுகளின் நடுவில், பதுளை டவுன் தியேட்டர் ஒன்றில், என்னைப் பெண் பார்த்த அன்றைக்கு.

ஆமாம், தியேட்டரில்தான் பெண் பார்த்தார்கள். அது அம்மாவின் தம்பி, என் மாமாவின் யோசனை. தேயிலைத் தோட்டத்தில் ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பராவில் ஒருவர் இருமினால் வரிசை முழுக்கக் கேட்கும். மாப்பிள்ளை வந்து போனால் சாயங்காலத்துக்குள் தோட்டத்துக்கே தெரிந்துவிடும். ஏற்கெனவே மூன்று இடம் அப்படி ஊரறிய வந்து தட்டிப்போயிருந்தது. இந்தத் தடவை சத்தமில்லாமல் முடிப்போம், படம் விட்டு வெளியே வரும்போது பதிலைச் சொல்லிவிடு என்றார் மாமா. பதில் என்று அவர் சொன்னது சம்மதத்தை மட்டும்தான். மாப்பிள்ளைக்கு டவுனில் இரும்புக்கடையில் வேலை. குடி கிடையாது, சீதனமும் கேட்கவில்லை. வேண்டாமென்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. அதுதான் எனக்கு மூச்சை முட்டியது.

ஓரத்தில் மாமா, அடுத்து அம்மா, நான், மாப்பிள்ளையின் தங்கச்சி, கடைசியில் மாப்பிள்ளை என்று உட்கார்ந்தோம். படம் தமிழ் பேசுகிற வெளிநாட்டுப் படம். அலுமாரி மாதிரி ஓர் இரும்புப் பெட்டிக்குள் ஏறிக்கொண்டு ஒருவன் முந்தின நாளுக்குப் போகிறான். பெட்டி போய் விழுவது ஒரு முட்டைக்கடை மேல். முட்டைக்காரர் பெட்டியைப் பார்த்துப் பயப்படவே இல்லை, உடைந்த முட்டைக்குக் காசு கேட்டார். தியேட்டரே சிரித்தது. மாப்பிள்ளை சிரித்தார், தங்கச்சி சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரிக்கத் தெரிந்த மனுஷன், இது போதாதா என்று பாதி மனதைத் தேற்றிக்கொண்டேன். இடைவேளைக்குச் சற்று முன்னால் திருப்பம் வந்தது. தெருவில் குடை பிடித்துப் போய்க்கொண்டிருந்த ஓர் ஆள் முகத்தைக் காட்டினான். பார்த்தால் அதுவும் அவனேதான், முந்தின நாளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு வெளியே வர வழி தெரியாமல் திரிகிறவன்.

விளக்கைப் போட்டார்கள். அதோடு சரி. அந்தப் படத்துக்கு எங்கள் பக்கம் ஒரே பிரதிதான். பண்டாரவளைத் தியேட்டரில் ஓடி முடிந்த ரீல்கள்தான் பஸ்ஸில் பதுளைக்கு வரவேண்டும். அன்றைக்கு வழியில் மண் சரிந்து, இரண்டாம் பாதி எங்கேயோ பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டது. வெளியே மழை கொட்டியதால் கதவுகளையும் சாத்திவிட்டார்கள். சனம் விசிலடிக்கத் தொடங்கியதும், தியேட்டர்காரர்கள் வேறு வழியில்லாமல் முதல் பாதியையே திரும்பப் போட்டார்கள்.

இப்போதுதான் வேடிக்கை. படம் தொடங்கி முதல் தெரு வந்ததுமே ஆளாளுக்குக் கத்தினார்கள், அந்தா குடைக்காரன் போறான் என்று. ஆரம்பத்திலிருந்தே அவன் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறான். நாங்கள்தான் பார்க்கவில்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

திரும்பவும் முட்டைக்கடை வந்தது. மாப்பிள்ளை தாமதத்தில் எரிச்சலாகி முகத்தை உம்மென்று வைத்திருந்தார். தங்கச்சியின் தோள் குலுங்கப் பார்த்தது. கை வாயருகே போனது. அப்படியே வலது பக்கம் திரும்பி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அங்கே சிரிப்பில்லை. வந்த சிரிப்பை விழுங்கிவிட்டு இருமினாள்.

முதல் தடவையும் இவள் ஒவ்வொரு சிரிப்புக்கும் அந்தப் பக்கம் திரும்பினாளே என்று அப்போதுதான் உறைத்தது. அண்ணனோடு சேர்ந்து ரசிக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன். நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை முன்னால் குனிந்து, தங்கச்சியைத் தாண்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். என் சிரிப்பு தானாக நின்றுபோனது. அதில்தான் நான் வெலவெலத்துப் போனேன். எழுந்து போகலாமென்றால் ஒரு பக்கம் அவர், மறு பக்கம் மாமா, வெளியே மழை. மிச்சப் படம் முழுக்கக் காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசிவரை ரீல் வரவில்லை. இதே டிக்கெட்டோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் மாமா என்னையும் அம்மாவையும் ஓரமாகக் கூப்பிட்டு என்னிடம் கேட்டார்.

"வேணாம் மாமா."

"ஏன், என்ன கொறச்சல்?"

"அவரு தங்கச்சி சிரிக்கிறதப் பாத்தேன்."

மாமாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஒரு பெண் சிரிப்பதெல்லாம் ஒரு காரணமா, உனக்கு மூளை குழம்பிவிட்டதா என்று ஏசினார். அம்மாவும் சேர்ந்துகொள்வாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"விடுடா," என்றாள் தம்பியிடம். "மொத வாட்டி எனக்குந் தெரியல."

அடுத்த ஞாயிறு நானும் அம்மாவும் போய் மிச்சத்தைப் பார்த்தோம். எனக்கு அடுத்த வருஷம் வேறு இடத்தில் கல்யாணமானது.

ஏழெட்டு வருஷம் கழித்துப் பதுளை ஆஸ்பத்திரியில் மகளுக்கு மருந்தெடுக்க வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் என்னை உற்றுப் பார்த்தாள். அவளேதான். நன்றாக மெலிந்திருந்தாள். அண்ணன் கல்யாணமே கட்டவில்லை, நான்தான் சமைத்துப் போடுகிறேன் என்றாள். உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா, அந்தப் படத்துல குடைக்காரன் கடைசில வெளிய வந்துட்டானா?"

டிக்கெட்டை அண்ணன் அன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டாராம். இத்தனை வருஷமும் அவளுக்கு முடிவு தெரியாது. இரு, முதலிலிருந்து சொல்கிறேன் என்று இரண்டாம் பாதியைத் தொடங்கினேன். பெட்டி திரும்பவும் அதே முட்டைக்கடை மேல்தான் வந்து விழும். ஆனால் இந்தத் தடவை முட்டைக்காரர் முன்கூட்டியே கூடைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்திருப்பார். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

அவள் தோள் குலுங்கப் பார்த்தது. கை வாயருகே போனது. சட்டென்று வலது பக்கம் திரும்பினாள். அங்கே ஆஸ்பத்திரிச் சுவர்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, பிறகுதான் சிரித்தாள்.