அக்காவின் இடப்பக்கம்

அவருக்குக் காதுக்காரர் என்று பெயர் வைத்தது அக்கம்பக்கத்தார்தான். பிழைப்பு லிஃப்ட் பழுதுபார்ப்பது. கீழே நின்றபடியே, மேலே மோட்டாரில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் வம்பு. பாட்டு ஓடும்போது வீட்டில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. ஒருநாள் மனைவி தும்மிவிட்டாள் என்று பாட்டை முதலிலிருந்து போட்டார்.

"இனிமே உங்ககிட்ட கேட்டுட்டே தும்முறேன்" என்றாள் அவள்.

யாராவது ஃபோனில் பாட்டு அனுப்பிவிட்டால் போச்சு, பாடம் ஆரம்பமாகிவிடும். பாட்டைச் சுருக்கி எம்பி3 ஆக்கும்போது காதுக்கு அவ்வளவாகத் தெரியாததை எல்லாம் வெட்டி எறிந்துவிடுகிறார்கள்; அதிகம் வெட்டினால் தாளம் கரகரக்கும், குரல் தகரமாகிவிடும். அப்படி வெட்டியதை மறுபடி பெரிய கோப்பாக மாற்றிப் பெருமையடிப்பவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வெட்டிப் போட்ட துணி திரும்ப வந்து ஒட்டுமா? சின்னச் சட்டையைப் பெரிய பையில வச்சா பெரிய சட்டை ஆயிடுமா?"

தையல் உதாரணம் அக்காவிடமிருந்து வந்தது. அடுத்த தெருவில் அக்காவுக்குத் தையல் கடை. குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் அவளுக்கு வலது காது அடியோடு போய்விட்டது. அதற்காக வீட்டில் யாரும் மூக்கைச் சிந்தியதில்லை. அவளுக்கு இடப்பக்கம் உட்காருவார்கள், இடப்பக்கம் நடப்பார்கள், அவ்வளவுதான். சின்ன வயதில் அவள் இடப்பக்கம் யார் படுப்பது என்று தம்பி தங்கைகளுக்குள் அடிதடியே நடக்கும். ரகசியம் சொல்ல அந்தப் பக்கம்தானே வேண்டும்! இப்படியே பழகிப் பழகி, அவளுக்கு ஒரு காது கேட்காது என்பதே எல்லோருக்கும் மறந்துபோனது.

அக்காவின் கடையில் ஒற்றை ஸ்பீக்கர் வைத்த பழைய ரேடியோ ஒன்று இருந்தது. காதுக்காரத் தம்பிக்கு அதைக் கண்டாலே ஆகாது. அது ஒருநாள் புகைவிட்டு ஓய்ந்தது. பாட்டில்லாத கடையில் அக்காவுக்குக் கையே ஓடவில்லை. ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாகத் தைத்து, பிரித்து, மறுபடியும் தலைகீழாகவே தைத்தாள். அவருக்கு மனசு தாங்கவில்லை. காதை மூடுகிற நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்கி, அவளுக்குப் பிடித்த பாட்டுகளை எல்லாம் ஒரு ஃபோனில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அவள் ஆசை ஆசையாய்ப் போட்டது ஒரு பழைய ஜோடிப் பாட்டை. கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"நல்லாத்தான்டா இருக்கு. ஆனா நடுநடுவுல ஓட்டை விழுது."

ஓட்டையா! அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. கோப்பைக் குறை சொன்னார், அதைத் தனக்கு அனுப்பியிருந்த நண்பரைக் கரித்துக்கொட்டினார். நல்ல கோப்பாகத் தேடிப் பிடித்து ஏற்றினார்.

"ஓட்டை அப்படியே இருக்குடா."

கடைகடையாக ஏறி இறங்கி அந்தப் பாட்டின் மூல சிடியையே தேடிப் பிடித்து, முடிந்தவரை எதையும் வெட்டாமல் தன் கையாலேயே கோப்பாக்கினார். வீட்டில் கேட்டபோது கண் கலங்கும் அளவுக்கு இருந்தது. அக்கா கேட்டாள். பாவம், தம்பி மனசு நோகக் கூடாது என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"உண்மையைச் சொல்லுக்கா."

"எனக்கு அந்தப் பழைய டப்பாவே போதும்டா. கோவிச்சுக்காத."

அந்த டப்பாவிடம் தோற்றது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் தலையிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றித் துணிக் குவியல்மேல் வைத்தார். அவர் முகம் வாடியதைப் பார்த்த அக்கா, "சரி சரி, இன்னொரு தடவை போடு" என்று தானே எடுத்து மாட்டிக்கொண்டாள். அவசரத்தில் இடம் வலம் மாறிப்போயிற்று.

"அட, என்னடா கூத்து! இப்ப பொண்ணு மட்டும் பாடுறா. அவன் எங்க போனான்?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பாட்டில் ஆண் குரல் இடப்பக்கம், பெண் குரல் வலப்பக்கம். ஓட்டை கோப்பில் இல்லை. இத்தனை வருஷம் அக்காவின் இடப்பக்கமே உட்கார்ந்து பழகியவர், பாட்டில் பாதியை அவளுடைய வலது காதிலேயே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். ஊர் உலகத்துக்கெல்லாம் பாடம் நடத்திய காது! அவர் தலையில் அடித்துக்கொண்டார்; அடித்துக்கொண்டே சிரித்தார்.

"என்னடா ஆச்சு உனக்கு?"

"எனக்குத்தான்க்கா காது கேக்கல."

ஃபோனின் அமைப்பில் மோனோ என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து இரண்டு காதுக்கும் அதையே கொடுப்பது. அந்த ஒற்றை ஸ்பீக்கர் டப்பா காலமெல்லாம் செய்துவந்ததும் அதைத்தான். மோனோ என்ற சொல்லையே வசவாகப் பயன்படுத்தியவர், தன் விரலாலேயே அதை அழுத்தினார்.

அக்கா கேட்டாள். அவன் பாடினான், அவள் பாடினாள். அக்காவின் கால் மெஷின் மிதியின்மேல் தாளம் போட்டது. திடீரென்று நிமிர்ந்தாள்.

"டேய், அவன் பாடி முடிச்சதும் இவ லேசா சிரிக்கிறாடா! டப்பாவுல இது கேட்டதே இல்ல!"

அந்தச் சிரிப்புக்காகத்தானே கடைகடையாக அலைந்தார். வழக்கம்போல இடப்பக்கம் நெருங்கி உட்கார்ந்து, "அடுத்து வயலின் வரும் பாரு, அது..." என்று பாடத்தைத் தொடங்கினார்.

அக்கா கண்ணை மூடியபடியே கையை உயர்த்தினாள்.

"வாயை மூடுடா. பாட்டு ஓடுது."