நடு மேசை

அப்பாவின் எண்பதாவது பிறந்தநாள் விருந்துக்கு அண்ணன் சொன்ன ஓட்டலைப் பார்க்கப் போனேன். வாசலில் சாம்பார் வாசனை அடித்ததும் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

சாயப்பட்டறையில் வேலை பார்த்த அப்பா, தோசை வாங்கித்தர என்னை இங்கேதான் அழைத்து வந்தார். எவ்வளவு தேய்த்தாலும் அவர் கையிலிருந்து நீலம் போகாது.

"மேசையெல்லாம் கறையாயிருமுங்க. பின்னால நின்னு சாப்புடுங்க" என்றார் ஓட்டல்காரர்.

அப்பா "சரிங்க" என்றார். எச்சில் இலைகளுக்கு நடுவே நின்று எனக்கு ஊட்டினார். நான் துப்பினேன். ஓட்டல்காரரைவிட அந்த "சரிங்க" மீதுதான் எனக்கு ஆத்திரம்.

உள்ளே போகாமல் வீடு திரும்பி, "அந்த ஓட்டல் வேண்டாங்கப்பா. உங்கள நிக்க வெச்சாங்களே, மறந்துட்டீங்களா?" என்று கத்தினேன்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மறந்தா அந்த ஓட்டல எதுக்குக் கண்ணு கேக்கறேன்? உங்கண்ணங்கிட்ட நாந்தான் சொன்னேன். நடு மேசையில உக்காரோணும்."